எண்பத்தேழாவது வரி

பிப்ரவரி 11

சோதனைக்கூடத்தில் காலையிலிருந்து அட்டவணைதான். இடப்பக்கம் நம் நாட்டு விதி, வலப்பக்கம் அவர்கள் நாட்டு விதி, கடைசியில் ஒரே கேள்வி: இரண்டும் சமமா? ஆம், இல்லை. மொத்தம் 214 வரிகள். இது முடிந்தால் ஒரு நாட்டில் சோதித்த பொருளை மற்ற நாடு மறுபடி சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும். நல்ல காரியம்தான். நம் மின்விசிறிகள் அவர்கள் துறைமுகத்தில் எட்டு மாதமாகத் தூங்குகின்றன.

87-ஆவது வரியில் வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் ஹீட்டர். உள்ளே மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்ச் ஹீட்டரிலேயே இருக்க வேண்டும் என்கிறது நம் விதி. அவர்கள் விதியில் அது கிடையாது. அங்கே வீட்டுக்கு வீடு எர்த் கம்பி கட்டாயம். அவர்கள் வீட்டை நம்புகிறார்கள், நாம் நம்புவதில்லை. அவரவர் ஊரில் அவரவர் சரி. அவர்கள் ஹீட்டர் கப்பலேறி இங்கே வந்தால்?

நட்சத்திரக் குறி போட்டு அடியில் எழுதினேன்: எர்த் உள்ள வீடுகளுக்கு மட்டும்.

பிப்ரவரி 12

இயக்குநர் கூப்பிட்டார். நான் போட்ட நட்சத்திரத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"படிவத்துல அடிக்குறிப்புக்கு இடமே இல்லம்மா. ஆம், இல்லை, ரெண்டுதான். நீங்க இல்லைன்னு போட்டா அவங்க நம்ம மின்விசிறியப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. மூணு வருஷப் பேச்சு."

"எர்த் இல்லாத பழைய வீடுங்க எத்தனை இருக்கு தெரியுமா சார்?"

"அது கரண்ட் ஆபீஸ் வேலை. நம்ம வேலை பொருளப் பார்க்கறது."

இருபத்திரண்டு வருட சர்வீஸ். நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஜூன் 20

அந்த ஹீட்டர் கடைக்கு வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, ஒல்லியாக, அழகாகத்தான் இருக்கிறது. தங்கை போன் செய்தாள். "நல்லதாக்கா? வாங்கட்டுமா?" "என் கையெழுத்தே இருக்குடி. தாராளமா வாங்கு" என்றேன். பெருமை வேறு.

ஜூலை 8

தங்கை வீட்டுக்குப் போனேன். மாடியில் இவள், கீழே ஒரு டீச்சர் தனியாக. படியேறும்போது டீச்சர் நிறுத்தி, "உங்களைக் கேட்டுத்தான் நானும் அதே ஹீட்டர் வாங்கினேன்" என்றார். என்னை எங்கே கேட்டார்? தங்கையைக் கேட்டிருக்கிறார். அது போதுமாம்.

செப்டம்பர் 16

ஒரு புகார். குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறதாம். ஹீட்டரைக் கழற்றியே அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் தேர்ச்சி. வெளி உலோகத்தில் வைத்த மீட்டரின் முள் அசையவே இல்லை.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் மேசையில் எர்த் இருக்கிறது! கசிவதெல்லாம் மண்ணுக்குப் போய்விடுகிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டுப் போட்டேன். முள் கடைசி வரை போய் அங்கேயே நின்றது.

தங்கை வீட்டு பிளக் பாயின்ட்டில் இரண்டே ஓட்டை, எர்த்துக்கான மூன்றாவது இல்லை. நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன்.

உடனே அவளுக்கு போன் செய்தேன். "பிளக்க உருவி வெச்சுட்டுத்தான் குளிக்கணும். குழந்தைங்க தொடவே கூடாது. நாளைக்கே கழட்டிடு." பயந்துவிட்டாள். ஏன், எதற்கு என்று கேட்டாள். "யாருகிட்டயும் சொல்லாதே. இன்னும் ஆபீஸ்ல மேல சொல்லல" என்றேன்.

செப்டம்பர் 18

அறிக்கை கொடுத்தேன். இயக்குநர் இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துத்தான் போனது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒப்பந்தப்படி முதலில் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். அறுபது நாள் கழித்து இரு நாட்டுக் கூட்டுக் குழு கூடும். அதற்கு முன் நாம் வாயைத் திறந்தால் வியாபாரத்துக்குத் தடை போட்ட கணக்கு.

"அவசரம்னா உடனே நிறுத்தலாம்னு ஒரு பிரிவு இருக்கு சார்."

"ஒரே ஒரு புகார வெச்சு அவசரம்னு எப்படிம்மா சொல்றது?"

அப்போ எத்தனை வேணும்? கேட்கவில்லை. கேட்டிருக்கணும். ஏன் கேக்கல நான்?

அக்டோபர் 7

இரண்டாவது புகார். கோப்பில் சேர்த்தேன்.

அக்டோபர் 29

நாற்பத்தோராவது நாள். கீழ் வீட்டு டீச்சர் ஞாபகம் வந்தது. இன்னும் பத்தொன்பது நாள்தானே. ஒன்றும் ஆகாது.

நவம்பர் 6

காவல் நிலையத்திலிருந்து ஒரு பெட்டி. சோதித்து அறிக்கை தர வேண்டும். மேலே ஒட்டியிருந்த முகவரியைப் படித்தேன். தங்கையின் தெரு. தங்கையின் கதவு எண். கீழ்த்தளம்.

பெட்டியைத் திறந்தேன். அதே வெள்ளை ஹீட்டர்.

தங்கைக்கு போன் செய்தேன். அழுது முடித்த குரல். நேற்றுக் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பக் குளிக்கப் போன டீச்சர் வெளியே வரவே இல்லையாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நீ சொன்ன மாதிரி யாருகிட்டயும் சொல்லலக்கா" என்றாள்.

நவம்பர் 7

விதிப்படி மேசையில் வைத்து, எர்த் கொடுத்து, சோதித்தேன். தேர்ச்சி. படிவம் கேட்பது அவ்வளவுதான். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டால் வேலை முடிந்தது.

போடவில்லை. கம்பியைக் கழற்றி மறுபடி சோதித்தேன். முள் நின்ற இடத்தைக் குறித்தேன். ஓரத்தில் எழுதினேன்: எர்த் இல்லாத வீட்டில் இது ஆளைக் கொல்லும். செப்டம்பர் 16 முதல் சோதனைக்கூடத்துக்குத் தெரியும்.

படித்துப் பார்த்தேன். 'சோதனைக்கூடத்துக்கு' என்பதை அடித்துவிட்டு, 'எனக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.