வளையம் கழற்றப் போன உங்கள் மகன்

யமதர்மனுக்கே இந்நேரம் வேலை ஏவிக்கொண்டிருக்கும் என் அருமை அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அங்கே ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கிற சென்றி இல்லை, அடையாள அட்டை இல்லை, பிறகென்ன குறை? இங்கே நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம். உங்கள் மகன் சுதன் மட்டும் கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இன்று காலை அவனுக்கு ஒப்பரேசன். முடிந்ததா, எப்படி முடிந்தது, ஒன்றும் தெரியாது. விடியவே திருகோணமலை முழுக்க ரெலிபோன் செத்துவிட்டது. அதனால்தான் ரெலிபோன் தேவைப்படாத ஆளுக்கு எழுதுகிறேன்.

பிள்ளையின் உடம்பு உங்களுக்குத் தெரியாததா? மூதூருக்குக் கடலால் போகிற லோஞ்சில் அவன் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தில் சீமெந்து மூட்டை அடுக்கித்தான் எடுப்பார்கள். அவன் வேலை பார்க்கிற துறைமுகக் கந்தோரில் அவனால் மோட்சம் அடைந்த கதிரைகளுக்கு ஒரு மடமே கட்டலாம். சர்க்கரை ஏறிச் சலரோகம் முற்றியபோது, சமாதான காலத்தில், நீங்கள்தானே சென்னைக்குக் கூட்டிப்போய் இரைப்பையின் மேற்பக்கத்தில் அந்த வளையத்தைப் போடுவித்தீர்கள். அதற்குள் தண்ணீர் ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். ஏற்றுகிற வாய், பெரிய சட்டைப் பொத்தான் போல, வயிற்றுத் தோலுக்குக் கீழே. பிள்ளை பாதியாக இளைத்தான். உங்கள் நேர்த்திக்கு நான் உடைத்த தேங்காயில் கோணேசர் மலை அரையடி உயர்ந்தது.

ஆனால் கலியாணச் சந்தையில் கதை வரும் என்று வாய்க்குப் பூட்டுப் போட்டீர்கள். வளையம் நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாயிற்று.

பிறகு நீங்கள் போனீர்கள். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று, கட்டைபறிச்சானில் இருந்து இடம்பெயர்ந்து வந்து நம் வீட்டில் இருக்கிற பூமணி மச்சாள் உங்களுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்தாள். கணவாய், இறால், நண்டு. படைத்து முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாய்க் குழைத்து உருண்டை பிடித்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். பெற்றவளுக்குப் படைத்த சோறு. எந்தப் பிள்ளை வேண்டாம் என்னும்? கொள்ளி வைத்த கையை நீட்டி நீட்டி வாங்கினான். அவன் கை காலியாக இருக்கக் கூடாது என்று அவளும் வைத்துக்கொண்டே இருந்தாள். பாவம், வளையத்தைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது?

அன்று தொடங்கிய சத்தி நிற்கவில்லை, உண்டதெல்லாம் வாயால் வந்தது. வளையம் இடம் நழுவிவிட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. இங்குள்ள டொக்டர்மார் கையை விரித்துக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் போனோம். ஒரு சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். உடம்பைத் தடவிய ஆமிக்காரப் பெடியனின் கை சுதனின் வயிற்றில் நின்றது. தோலுக்குக் கீழே வட்டமாக, கட்டியாக ஏதோ ஒன்று. அடுத்த கணம் எங்களைச் சுற்றி ஒரு மைதானமே வெறுமையாகிவிட்டது. சட்டையைக் கழற்றுவித்து, கொதிக்கிற தாரில் மல்லாக்கக் கிடக்கச் சொன்னார்கள். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் தெரியாத சிங்களத்தையும் எடுத்துவிட்டேன். ஒரு தடியால் மணலில் இரைப்பை கீறிக் காட்டினேன். அது பூசணிக்காய் மாதிரி வந்தது. கடைசியில் அவர்களுடைய மருந்துகட்டுகிற ஆள் ஒருவர் வந்து, அமத்திப் பார்த்து, ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு கொழுவியிருந்த எக்ஸ்ரே படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. முதுகில் ஒட்டிய தாரைத் தட்டிவிட்டு எழுந்தவன் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினான்.

கொழும்பு டொக்டர் வளையத்துத் தண்ணீரை எடுத்துவிட்டார். பிள்ளைக்குக் கஞ்சி இறங்கியது. இனி இரண்டு வழி என்றார். வளையத்தைச் சரிசெய்து திரும்பப் பூட்டலாம். ஆபத்துக் குறைவு, ஆனால் இறுக்கவும் தளர்த்தவும் அடிக்கடி அவரிடம் வர வேண்டும். அல்லது அதைக் கழற்றிவிட்டு, இரைப்பையில் முட்டையளவு மட்டும் விட்டுத் தைத்து, குடலை வெட்டி அதோடு பொருத்தலாம். தையல் ஒழுகினால் உயிருக்கு ஆபத்து. சீவியம் முழுக்கக் குளிசை விழுங்க வேண்டும். திரும்பிவர முடியாத வழி.

நான் வளையம் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுதன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, பூட்டினா ஒவ்வொரு சென்றியிலயும் நான் சட்டையைத் தூக்கோணும். என்னால இனி ஏலாது. வெட்டித் தைச்சா ஒருத்தன்ர கைக்கும் ஒண்டும் தட்டுப்படாது."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுப் பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அக்கா, அந்த அறையில் நான்தான் பெரியவனாம். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் ஓம் என்றேன். சரியாகத்தான் சொன்னேனா?

ஒப்பரேசனுக்கு நாள் குறித்துக்கொண்டு இருவரும் வீடு வந்ததும் பூமணியிடம் எல்லாம் சொன்னேன். அவள் உருண்டை பிடித்த தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பரேசனுக்குக் கூட்டிப்போகத் திரும்பவும் புறப்பட்டோம். இந்த முறை பிடிபட்டது நான். அடையாள அட்டையில் இன்னும் நாம் பிறந்த, இயக்கத்தின் கையில் இருக்கிற சம்பூர் விலாசம்தானே. போன தடவை கண்ணில் படாத ஊர் இந்தத் தடவை பட்டது. ஆஸ்பத்திரிக் கடிதம் அவனுக்குத்தான், எனக்கு இல்லை. திரும்பிப் போ என்றார்கள். கழுதையோடு கதைத்து அதன் பின்காலையே கடனாக வாங்கக்கூடியவன் நான், அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒதுங்கினேன்.

"நீங்க வீட்ட போங்கோ மாமா, நான் சமாளிப்பன்" என்றான். பிறகு அங்கே நின்ற ஆமிக்காரப் பெடியன் கேட்கும் முன்பே, தானாகவே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றான். பஸ் போகும்வரை நான் தெருவில் நின்றேன். வேறென்ன செய்ய?

நேற்றுப் பின்னேரம் ஒருமுறை பேசினான். பசிக்கவில்லை என்றான். விடிந்ததில் இருந்து லைன் இல்லை. பாதையும் பூட்டு என்கிறார்கள். துறைமுகப் பக்கம் ஹெலிகொப்டர் சுற்றுகிறது. பூமணி இன்று அடுப்பு மூட்டவில்லை. நான் ரெலிபோனைத் தூக்கிக் காதில் வைக்கிறேன், வைத்துவிடுகிறேன். ஊரையே வாயால் உழுகிறவனுக்கு இன்று வேறு தொழில் இல்லை.

பாதை திறக்கும் முதல் பஸ்ஸில் நான் ஏறுவேன். திருப்பி அனுப்பினால் அடுத்ததில் ஏறுவேன். அவன் பக்கத்தில் இருந்து, அந்த முட்டையளவு வயிற்றுக்குக் கரண்டி கரண்டியாய்ப் பருக்குவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஆனால் நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். இப்போது அவன் உங்கள் படலையில் வந்து நின்றால், உள்ளே கூப்பிடாதீர்கள். முகம் வாடிப்போயிருக்கும், பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருங்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அங்கேயே இருந்துவிடுவான். மாமா தெருவில் நிற்கிறான், போ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள், அக்கா.

இங்கே நிற்கிற,
உங்கள் தம்பி, உங்கள் பிள்ளைக்குத் தாய்மாமன்.