நவராத்திரி நகமும் இரண்டாவது உறையும்

மதுரை
23.1.2003

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் அக்கா ஸ்வப்னா வீட்டில் எல்லோரும் நலம், ஹூஸ்டனில் நீயும் மருமகள் ஸ்ரீலட்சுமியும் நலமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். இந்த வரியில் உன் அம்மா பெயர் இல்லாததைக் கவனித்திருப்பாய், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் முக்கியமான செய்தி. நேற்று மாலை நம் வீட்டுக் கூடத்தில் நான், உன் அம்மா, ஸ்வப்னா, மாப்பிள்ளை பாலமுரளி நால்வரும் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் ஆலோசித்து, உன் அம்மா வருகிற திங்கட்கிழமை காலை குளித்தபின் நகம் வெட்டிக்கொள்வது என்று ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறோம். வெள்ளியும் செவ்வாயும் ஆகாது, சனி பெருமாள் நாள். ஞாயிற்றுக்கிழமை வெட்டினால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். அது நீ பிறந்த கிழமையாம், அன்றைக்கு நகத்தில் கத்தி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெட்டியதும் நீ அனுப்பிய இரண்டாவது உறையில் போட்டு அனுப்பிவைக்கிறேன்.

முதல் உறையின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். புரட்டாசியில் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வில்லாபுரத்தில் டாக்டர் கருத்தக்கண்ணனிடம் காட்டினோம். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். நீ போனில், ரத்தம் அன்றைய செய்தியைத்தான் சொல்லும், நகம் பல மாதச் சரித்திரத்தைச் சொல்லும், எங்கள் கம்பெனியில் நகத்தின் தாதுக்களை அளந்தே நோயைக் கண்டுபிடித்துவிடுவோம், அவசரப்பட்டு ஊசி குத்தவிடாதீர்கள் என்றாய். சரித்திர வாத்தியாராக இருந்தவனிடம் எந்த வார்த்தையைச் சொன்னால் எடுபடும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டுச் சின்னத்தாய்கூட அன்றைக்கே உன் அம்மாவிடம், ஏக்கா, ஆளு போனாத்தான் விசா கேப்பாக, நகத்துக்குக் கேக்கமாட்டாகல்ல, மகன் விவரமாத்தான் இருக்கான் என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா சிரித்தாள், சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிட்டு வெட்டவேண்டும் என்று உங்கள் கம்பெனி எழுதியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அதைத் தொட்டதில்லை, ஆகவே துடைக்க ஒன்றுமில்லை என்று தீர்மானித்தோம். கொலு வைத்திருக்கும்போது நகம் வெட்டக்கூடாது என்பதால் விஜயதசமி கழிந்த மறுநாள் வெட்டினாள். அந்த நவராத்திரி முழுக்கத் தினமும் குங்கும அர்ச்சனை செய்த கை அது. நகக்கண்ணெல்லாம் சிவப்பு. பிரசாதக் குங்குமத்தை யாராவது தேய்த்துக் கழுவுவார்களா? அப்படியே போனது. நீங்கள் அதை அளந்து, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்று வண்ணப்படத்தோடு அறிக்கை அனுப்பினீர்கள். நீ சொன்னபடி ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டோம். சுவர்ப் பெயின்டைச் சுரண்டினோம், அந்தத் தூசியில் அவள் இருமிக்கொண்டு கிடந்தாள். குழாயை மாற்றினோம். இவ்வளவுக்கும் பிறகு, போன மாதம் பூஜை அறையில் உட்கார்ந்திருந்த ஸ்வப்னா அம்மாவின் விரலையும் குங்குமச் சிமிழையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஈயம் இந்தக் குங்குமத்தில் இருந்ததாக இருக்குமோ என்று கேட்டாள். உன்னிடம் சொன்னோம். நீ வருத்தப்படவில்லை, மாதிரி கெட்டுவிட்டது, சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி அனுப்புங்கள் என்றாய்.

அதற்குள் அவள் பூக்கடை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மறுபடி கருத்தக்கண்ணனிடம் போனோம். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏம்மா, நகமெல்லாம் கரண்டி மாதிரிக் குழிஞ்சு கெடக்கு, ஒடம்புல ரத்தமே இல்ல, இம்புட்டு நாளா யாருமே பாக்கலையா என்று கேட்டார். அமெரிக்காவில் பார்த்தார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் வெட்டிய துண்டைப் பார்த்தீர்கள், டாக்டர் அவள் விரலில் இருந்த நகத்தைப் பார்த்தார், வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. அப்புறம் ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. குடலில் கட்டி இருக்கிறது, பல மாதமாக உள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை காலியானதும் ரத்தம் ஏற்றி ஆபரேஷன். புரட்டாசியிலேயே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார் சர்ஜன். புரட்டாசியில் நாங்கள் நகம் வளர்த்துக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லாததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் ரிசீவரை அவள்தான் எடுக்கிறாள், நல்லா இருக்கேன்பா என்று சொல்லி அவளே வைத்தும் விடுகிறாள். ரத்தம் ஏற்றத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பேசும்போது உளறிவிடாதே. அவள் நகம் வெட்டச் சம்மதித்தது நோய்க்காக அல்ல, பிள்ளை கேட்டிருக்கிறான் என்பதற்காக. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை, கிடைக்காத காரணத்தை நீ விளக்கமாகச் சொல்வாய், போன் பில்தான் ஏறும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஸ்ரீலட்சுமியைக் காலையில் பட்டினியாக வேலைக்கு அனுப்பாதே. இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள். உறையின் மேல் எழுதவேண்டிய விலாசத்தை இன்னொரு முறை தெளிவாக எழுதி அனுப்பு, போனமுறை தபால்காரர் திண்டாடினார்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜாராம்

சனிக்கிழமை மாலை சேர்த்தது: தபாலில் போடுவதற்குள் படுக்கை கிடைத்துவிட்டது. உன் உறையில் இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து அனுப்புகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு நர்ஸ் வந்து, ஆபரேஷனுக்கு முன் வெட்டவேண்டும் என்று பத்து நகத்தையும் ஒட்ட வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். இன்று காலை வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள்.