மருத்துவப் படிப்புக்கு ஒரு மரணச் சான்றிதழ்

அரியாலை
20.05.2025

அன்புள்ள பிரகலாதன் அண்ணைக்கு,

"உள்ளதைச் சொல்லு கலா, அந்தாள் உயிரோடை இருக்குதெண்டு நீ நினைக்கிறியோ?" என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது அண்ணை. இவர் காணாமல் போன இந்தப் பதினேழு வருடமாக என்னிடம் இருக்கும் விடை அது ஒன்றுதான். அதைக் கேட்டதும் கோபத்தில் அழைப்பைத் துண்டித்துவிட்டீர்கள். சொல்ல இருந்த மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் என்னை இடைமறிக்க முடியாது.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஒரே விண்ணப்பத்தில் முதற்பட்டமும் மருத்துவமும் என்று எட்டு வருடப் படிப்பு ஒன்று உங்கள் நாட்டில் இருப்பதே நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கும் பல்கலைக்கழகங்கள் மிகச் சில என்றாலும் தேடிக் கண்டுபிடித்தீர்கள். மேர்சி மச்சாள் வேலைக்குப் போகுமுன் மணிக்கணக்காக இருந்து மகள் தக்சாயினியின் விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்தினா. உதெல்லாம் பிள்ளை பிடிக்கிற விளம்பரம் என்று நான் சொன்னதும், "நீ எதைத்தான் நம்பினனி?" என்று நீங்கள் சிரித்ததும் நினைவிருக்கிறது. மார்ச் மாதம் அனுமதிக் கடிதம் வந்தபோது அதை மூன்று தரம் வாசித்தேன். எங்காவது ஒரு பொறி இருக்கும் என்று தேடித்தான் வாசித்தேன். இருக்கவில்லை. பிள்ளை தன் கெட்டித்தனத்தால் எடுத்த இடம்.

முதல் நான்கு வருடத்துக்குப் பாதி புலமைப்பரிசில், மறுபாதி உங்கள் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். மருத்துவப் பகுதிக்கு ஒரு வருடக் கட்டணத்தை இப்போதே வங்கியில் காட்டினால்தான் விசாவுக்கான பத்திரம் தருவார்களாம். அது என் பங்கு என்றேன். மட்டுவிலில் இருக்கும் என் சீதனத் தென்னங்காணியை விற்பேன் என்றேன். அதற்குப் பிறகு வரும் மூன்று வருடத்துக்கு என்ன செய்வது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் இருவரும் தைரியசாலிகள்.

பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. தகப்பனாரின் மரணச் சான்றிதழை அனுப்பி வைக்கவும் என்று.

தக்சாயினி அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நவம்பரில் நிதி விவரப் படிவத்தை அங்கிருந்து நீங்கள்தான் நிரப்பினீர்கள். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "ரெண்டு பெட்டிதான் இருந்தது, இருக்கிறார், இறந்திட்டார். எதையாவது அமத்தத்தானே வேணும்? இருக்கிறார் எண்டால் அவரின்ரை சம்பளத்தைக் கேப்பாங்கள்" என்றீர்கள். உங்கள் மனதில் கள்ளம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் செய்தீர்கள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பிறந்த திகதியைக்கூட அன்றைக்குத் தொலைபேசி எடுத்துச் சரிபார்த்தீர்கள், அண்ணை. இதைக் கேட்கவில்லை.

காணி விற்கப் போன இடத்திலும் இதே கதைதான். காணி எழுதும் நொத்தாரிசு பொன்னம்பலத்தாரிடம் உறுதிப் பத்திரத்தைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, இவருடைய கையெழுத்து வேண்டும் என்றார். என் பெற்றோர் எனக்குத் தந்த காணிதான். ஆனாலும் எங்கள் தேசவழமைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நான் அதை விற்க முடியாது. கணவன் இல்லாமல் பதினேழு வருடம் பிள்ளை வளர்க்கலாம். தேங்காய் பிடுங்கலாம், வேலி அடைக்கலாம், வரி கட்டலாம். விற்க முடியாது. "தங்கச்சி, உது பெரிய வேலையில்லை. காணாமல் போனவைக்கு மரணப் பத்திரம் குடுக்கிறதுக்கெண்டே ஒரு சட்டம் இருக்கு. எடுத்துக்கொண்டு வாரும், அடுத்த கிழமை உறுதி முடிச்சுத் தாறன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தேத்தண்ணியும் வருவித்துத் தந்தார். நான் குடித்துவிட்டு உறுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் நீங்கள் அடுத்த யோசனையைச் சொன்னீர்கள். சான்றிதழை எடுத்து, கீரிமலையில் ஒரு அந்தியேட்டிச் சடங்கும் செய்துவிட்டால் எனக்கும் மனம் ஆறும் என்று. ஐயரின் செலவையும் அனுப்புவதாகச் சொன்னீர்கள். என் மனம் ஆறாமல் கிடக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

இங்கே பக்கத்து வீட்டு இராசாத்தி அக்காவும் தன் பங்குக்குச் சந்தையில் வைத்து நாலு பேர் கேட்கச் சொன்னா: "மகளுக்கு டொக்டர் சேட்டிபிக்கட் வேணுமாம், மனிசனுக்கு ஒரு சேட்டிபிக்கட் எடுக்க ஏலாதாம்." நான் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். ஓம் அக்கா, நீங்கள் சொன்னது அப்பிடியே சரி என்றேன். கத்தரிக்காயை நிறுக்கக் கொடுத்தேன்.

அண்ணை, என் வேலை உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து அறிக்கை எழுதுகிறேன். ஒரு மாதிரியில் நாங்கள் தேடிய பொருள் அகப்படாவிட்டால் "இல்லை" என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. "கண்டறியப்படவில்லை" என்றுதான் எழுதலாம். எங்கள் கருவியால் காண முடிந்தது அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம். புதிதாக வரும் பிள்ளை மாற்றி எழுதினால் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுத வைப்பேன். தண்ணீருக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறவள், மனிதனுக்கு எப்படி மாற்றி எழுதுவேன்?

இவர் நெல்லியடியில் மாலை வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துவிட்டு வெளிக்கிட்டவர். மோட்டார் சைக்கிள் வல்லைவெளியில் சாவியோடு நின்றது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு எத்தனையோ அரச கந்தோர்களில் எத்தனையோ படிவம். ஒருவரும் தேடிப் பார்த்துவிட்டு வந்து எனக்கு முடிவு சொல்லவில்லை. என்ன நடந்தது என்று சொல்லவேண்டியவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க, அவர் செத்துப்போனார் என்று நான் விண்ணப்பித்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அவர்களின் வேலையை நான் செய்து முடித்துக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன். சான்றிதழ் எடுத்த மற்றப் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்கு. நான் எடுக்கமாட்டேன்.

தக்சாயினி பற்றிக் கேட்டீர்கள். பிள்ளையின் எதிர்காலத்தை வீம்புக்காக எரிக்கிறாய் என்றீர்கள். அந்த வசனம் எனக்குச் சுட்டது. ஏனென்றால் அவளே என்னிடம் கேட்டாள். "எனக்காகவும் செய்யமாட்டீங்களோ அம்மா?" என்றாள். அவளுக்கு அப்பாவின் முகம் படத்தில் பார்த்த முகம்தான். இரண்டு வயது அப்போது. உயர்தரப் பெறுபேறு நன்றாக வந்தும், இங்கே மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எங்கே விழும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கையில் இருக்கும் ஒரே இடம் உங்கள் ஊர் இடம். நான் செய்வது அவளுக்கு அநியாயமோ என்று நானும் யோசிக்காமல் இல்லை. செய்யமாட்டேன், ஆனால் வேறு வழி தேடுகிறேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள், கழுவி வைப்பாள்.

வேறு வழியைக் காட்டியது வசந்தினி. என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது சட்டத்தரணி. அதே தேசவழமைக்குள் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறதாம். கணவனின் வசிப்பிடம் தெரியாவிட்டால், அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். இறந்தார் என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. "உன்னைப்போல ஒரு பிடிவாதக்காரிக்காகத்தான் நூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வைச்சிருக்கிறாங்களடி" என்று சிரித்தாள். மனுப் போட்டோம். நான் மனுதாரர். இவர் எதிர்மனுதாரர். பத்திரிகையில் அறிவித்தலும் வந்தது. நாளைக்கு வழக்குக் கூப்பிடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டோம். அதுதானே உங்களுக்குக் கோபம். படிவத்தில் போட்டது பிழை, தகப்பனார் எங்கே என்று தெரியாது, மாமா அவசரத்தில் பெட்டியை மாற்றி அமத்திவிட்டார் என்று உள்ளபடி எழுதினோம். நான் தமிழில் சொல்ல, ஆங்கிலத்தில் தட்டியது தக்சாயினி. நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தானே மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "சொல்லுங்கோ, எழுதுவம்" என்றாள். அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். நீதிமன்றத்தின் எழுத்து ஏதாவது மே முப்பதுக்குள் வந்தால் பார்ப்பார்களாம், வராவிட்டால் இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகுமாம். பிழையான விவரம் கொடுத்தது பற்றித் தனியாக ஒரு குழு கூடுமாம். ஓம், கழுத்தளவு தண்ணீரில்தான் நிற்கிறோம். அது தெரியாமல் நான் இல்லை.

மனுவைத் திருப்பி எடுத்துச் சான்றிதழை வாங்காவிட்டால் உங்கள் பங்குப் பணத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நேற்றுச் சொன்னீர்கள். அது உங்கள் பணம், உங்கள் கையெழுத்து. வைக்காவிட்டால் நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். தக்சாயினி இங்கேயே படிப்பாள், எதையாவது நன்றாகப் படிப்பாள். ஆனால் அண்ணை, இவருடைய சாவை நிபந்தனையாக வைத்து எனக்கு எதையும் தராதீர்கள். காசில்லாமல் இருக்க எனக்குத் தெரியும். அப்படி வாங்கினால் உங்களை முகம் பார்த்து அண்ணை என்று கூப்பிட எனக்கு வராது.

உங்களுக்குச் சீனி வருத்தம் என்று மச்சாள் சொன்னா. கோபப்படாமல் மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதுங்கள், நான் வாசிப்பேன். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதைத்தான் கேட்டுக் கும்பிடுகிறோம்.

கையெழுத்து வைத்தாலும் வைக்காவிட்டாலும்
உங்கள் தங்கைதான்,
உதயகலா

21.05.2025, பிற்பகல்

கடிதத்தை ஒட்டவில்லை. நடந்ததையும் எழுதி அனுப்புகிறேன்.

பத்தே முக்காலுக்கு எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்மனுதாரர் வந்திருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். நீதிமன்றச் சேவகர் வாசலுக்குப் போய் வெளியே பார்த்து, "அம்பலவாணர் தில்லைநாதன்" என்று உரத்துக் கூப்பிட்டார். மூன்று தரம். எல்லா வழக்கிலும் செய்வதுதான் என்று வசந்தினி முன்பே சொல்லியிருந்தாள். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது பின் வாங்கிலில் இருந்த தக்சாயினி எழுந்து வாசலைப் பார்த்தபடி நின்றாள். பொலிஸ்காரர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சேவகர் திரும்பி உள்ளே வரும்வரை அவள் உட்காரவில்லை.

நீதிபதி என்னைப் பார்த்து, கணவர் இறந்துவிட்டாரா என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன். மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லையே என்றார். அதைத் தெரிந்துகொண்டுதான் இங்கே வந்தேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு காணியை விற்க அனுமதி கொடுத்தார். பணம் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் போகவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். பிரதி திங்கட்கிழமை தருவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.

வழக்கேட்டில் பதிந்ததை வெளியே வந்து வசந்தினி சொன்னாள். "எதிர்மனுதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டார். சமூகமளிக்கவில்லை." இவரைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு கந்தோர் எழுதியதில் பிழை இல்லாத வசனம் இது ஒன்றுதான். தக்சாயினி அதைத் தன் கைபேசியில் ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டே என் பின்னால் படி இறங்கி வந்தாள்.