சிறகு விரித்து நிற்கும் நாரை

அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது மொட்டைமாடியில் கிடந்த கிளை. இலைகள்கூட வாடவில்லை. பக்கத்து மரத்தில் நாரைக் கூட்டுக்கு மேலே கவிந்திருந்த கிளை அது. "படத்த மறைச்சுது, வெட்டிட்டேன்" என்றீர்கள். என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நம் போட்டோ ஸ்டூடியோவில் உட்காரவைத்த அன்றும் இவ்வளவு சுலபமாகத்தான் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து தாய்நாரை பகல் முழுக்கச் சிறகை விரித்தபடி நிற்கிறது. மூன்று குஞ்சுகள்மேலும் வெயில் படக்கூடாதே. அதைப் படமெடுத்து, 'ஆனந்த நடனம்' என்று எழுதிக் கடை வாசலில் மாட்டினீர்கள்.

"பறவைங்க மனசு தெரிஞ்ச ஆளுங்க நீங்க" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். நீங்களும் தலையாட்டினீர்கள். என் கூச்சத்தில் பாதியை உங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இருபது வருடமாகப் படம் எடுக்கிறவருக்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லை.

நேற்று மூன்றில் சின்னக் குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. "தூங்குது பாரு, என்ன அழகு" என்று அதையும் எடுத்தீர்கள்.

நேரில் பேச எனக்கு நாக்கு எழாது. அதனால் இதைக் கேமராப் பைக்குள் வைக்கிறேன். காலையிலிருந்து ஸ்டூடியோவின் பெரிய குடையைத் தேடுகிறீர்கள். அதைக் கூட்டுக்கு நிழல் விழும்படி மாடிக் கம்பியில் கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கேமராப் பை தூக்குகிறவள்