சாய்ந்த வரிகள்

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகச் சிட்லபாக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. தலைக்கனம் எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே உண்டு; புதிதாக ஏற ஒன்றுமில்லை. உனக்குத் தெரியாததா?

ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லையாம். மூன்றாவது வீட்டு அம்மாள் என் மருமகளிடமே கேட்டுவிட்டாள்: "உங்க மாமியார் என்ன, நேருக்கு நேர் பார்த்துட்டும் பேசாமப் போறாங்க? நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" அவள் புடவைக் கரை எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த பால் பாக்கெட் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான், ஈரக்கையால் துடைத்த சிலேட்டுபோல ஒரு மங்கல். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கேயே அது வந்து நிற்கிறது.

தாம்பரத்தில் கண் டாக்டர், சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். "வயசாகிறதால வர்றதும்மா. விழித்திரையோட நடுப்பகுதி தேய்ஞ்சிருக்கு. ஓரம் தெரியும், நடு மங்கும். கண்ணாடி மாத்தினா சரியாகாது." கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்தாள். தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் இன்னும் வளைந்தால் உடனே வர வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மறுநாள் காலை அதன் முன் நின்றபோது, ஓரத்தில் நேராக இருந்த கோடுகள் நடுவில் நெளிந்தன, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. காபி ஆறிய பிறகுதான் நினைவு வந்தது. உன் கடைசிக் கடிதம்.

நீ சேலையூரில், நான் இங்கே. இருந்தும் மாதம் ஒரு கடிதம், தபாலில். வந்த கடிதத்தைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி, பதிலோடு திருப்பி அனுப்ப வேண்டும். கான்வென்டில் விளையாட்டாகத் தொடங்கியதை, பேரன் பேத்தி எடுத்த பிறகும் நாம் விடவில்லை. "ஆட்டோல போனா பத்து நிமிஷம். இதுக்கு ஸ்டாம்பு வேறயா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். நீ போனில் கேட்பாய்: "என்னடி, பாஸா ஃபெயிலா?" "பார்டர்ல பாஸ்," என்பேன். "உன் கையில பாஸ் வாங்கறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும்," என்பாய்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன அடுத்த வருடம் அந்தக் கடிதம் வந்தது. மார்ஜின் இல்லை. வரிகள் சரிந்து, ஒன்றின் மேலேயே இன்னொன்று எழுதியிருந்தது. துக்கத்தில் இருக்கிறவளுக்கு இப்படியா கிறுக்கி அனுப்புவது என்று கோபம் வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்தேன். அடியில் எழுதினேன்: "அக்கறை இல்லை. மறுபடி எழுது."

நீ எழுதவில்லை. நானும் போன் செய்யவில்லை.

பிறகு அந்தக் கல்யாண மண்டபம். கூட்டத்தில் நீ என் எதிரே வந்தாய். என் முகத்தையே பார்த்தாய். பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "டைனிங் ஹால் எந்தப் பக்கம்?" என்று கேட்டாய். நீ முதலில் பேசட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடாமல் வீடு திரும்பினேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் குரலிலேயே என்னைக் கண்டுபிடித்திருப்பாய். அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. நீ இறந்த செய்தி கேட்டு உன் வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கட்டத் தாளைப் பார்த்த அன்றுதான் உன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி, அம்மாவுக்கு நடுப்பார்வை போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. முக்கியமா உங்ககிட்ட."

"நான் திருப்பி அனுப்பின கடிதம்?"

"நான்தான் படிச்சுக் காட்டினேன். சிரிச்சாங்க. அப்புறம் மறுபடி மறுபடி எழுதிக்கிட்டே இருந்தாங்க ஆன்ட்டி. ஸ்வீட் பாக்ஸ் அட்டையில வரி அளவுக்கு ஜன்னல் மாதிரி வெட்டி, அதை வச்சு எழுதுவாங்க. நேரா வந்துச்சான்னு என்னைக் கேப்பாங்க. கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்மான்னு நான் சொன்னா, கிழிச்சுப் போட்டுடுவாங்க."

வரி சாய்ந்திருக்கிறது என்று அம்மாவிடம் ஏன் உண்மையைச் சொன்னாய் என்று அவளைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அவளை அப்படி வளர்த்தது நீ. உன்னைக் கிழிக்க வைத்தது நான்.

ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அந்த அட்டையை மட்டும் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலின் ஓரம் உன் பேனா உரசி உரசி நீலமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் விரலால் தடவிக் கீழே நகர்த்துகிறேன். நேராக வருகிறதா, தெரியவில்லை. யாரையும் கேட்கப் போவதில்லை.

இன்று காலை ஏரிக்கரையில் மூன்றாவது வீட்டு அம்மாளை நிறுத்தினேன். புடவைக் கரையை வைத்துத்தான். "எனக்கு முகம் தெரியாது. இனிமேல் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்," என்றேன். அதைச் சொல்வதற்கு முன் பால் விலை, வெயில் என்று ஏதேதோ பேசினேன். நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. சொல்ல முடியாத ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

வரி எப்படிச் சாய்ந்தாலும் சரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் சரி. சிவப்புப் பென்சிலை எடுக்கமாட்டேன். பதில் எழுது.