என்ன வேண்டுமென்று எழுதாத விண்ணப்பம்

கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வேறு ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் ஆசை மச்சானுக்கு,

செல்லம்மா எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இவ்வளவு நாளும் வாயால்தான் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இன்றைக்குக் கடுதாசி. ஒரு சங்கதி சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுச் சண்டைக்கு வரக்கூடாது.

முதலில் வீட்டு நிலவரம். மகள் கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். எழுத்து உங்கள் எழுத்தேதான், குண்டு குண்டாக இருக்கிறது. எனக்குத்தான் கால் சரியில்லை. ஆடி மழையில் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்தேன். இனிமேல் மலை ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரி ஐயா சொல்லிவிட்டார். மலை ஏறாவிட்டால் செக்ரோல் சம்பளப் புத்தகத்தில் பேர் இருக்காது. பேர் இல்லாதவர்களுக்கு லயத்தில் இடம் இல்லை, மாதம் முடிவதற்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று, மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஆள் அனுப்பினார். தம்பி கொத்மலைக்கு வந்துவிடச் சொன்னான். போனால் மகளின் படிப்பு அத்தோடு சரி. எனக்கு அது ஒன்றுதான் பயம்.

அந்த நேரத்தில்தான் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை காலியாயிற்று. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கிற வேலை. என் காலுக்கென்றே வந்தது போல இருந்தது. கங்காணியிடம் போய்ச் சொன்னேன். கடுதாசி எழுதிக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“கடுதாசிய யாரு புள்ள படிக்கிறா? நல்ல சேவலா ஒன்னப் புடிச்சிக்கிட்டுக் கண்டாக்கையா பங்களாவுக்குப் போ. ஒம் புருசன் எழுதாத கடுதாசியா? என்னா கெடச்சிச்சு?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் என்ன பொய்? லயத்தில் யாருக்கு வேலை வேண்டுமானாலும், பிரஜாவுரிமை மனு போடுவதானாலும் உங்களிடம்தான் வருவார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோர் வேலை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆறு தடவை எழுதிப் போட்டு, ஆறு தடவையும் பதில் வராமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

சேவலைப் பிடிக்கத்தான் போனேன். அது கூரைமேல் ஏறிக்கொண்டது. இந்தக் காலோடு நான் எங்கே ஏறுவது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். சேவல் மட்டும் கைக்கு அகப்பட்டிருந்தால் நானும் கங்காணி கட்சிதான், ஒளிப்பானேன்.

தோட்டத் துரைக்கு நன்றாகவே எழுதினேன் மச்சான். என் பேர், பேர் நம்பர், அப்பா பேர், எந்தக் கங்காணியின் ஆள், எத்தனை வயதில் கூடை தூக்கினேன், எத்தனை வருஷமாகக் கொழுந்து, விழுந்தது எந்த மலையில், நீங்கள் எப்படிப் போனீர்கள், எல்லாம் எழுதினேன். துரையும் துரைசாணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று முடித்து, உங்களைப் போலவே கையெழுத்தின் கீழே ஒரு கோடும் இழுத்தேன். மறுநாள் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பெரிய கிளாக்கர் ஐயா கூப்பிட்டனுப்பினார். அந்த யாழ்ப்பாணத்து ஐயாதான், இன்னும் இங்கேதான் இருக்கிறார். போய் நின்றேன். என் கடுதாசி அவர் மேசைமேல் இருந்தது.

“பிள்ளை, எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன வேணுமெண்டு மட்டும் எழுதேல்லையே.”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட ஆயா வேலை என்ற பேச்சே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. நாங்கள் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாகப் போய் நிற்கிறவர்கள்தானே. பேரைக் கூப்பிட்டால் முன்னால் வருவோம், எந்த மலை என்று சொன்னால் போவோம். எனக்கு இந்த வேலை வேண்டும் என்று பெரட்டில் வாய் திறந்து யார் கேட்டிருக்கிறார்கள்?

அப்புறம் அவர் சொன்னதுதான் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. உங்கள் கடிதங்களும் இதே மாதிரிதானாம். மற்றவர்களுக்கு எழுதும்போது பளிச்சென்று கேட்டிருப்பீர்களாம். உங்களுக்காக எழுதிய ஆறிலும் வம்சம் இருக்கும், வணக்கம் இருக்கும், துரைக்கு வாழ்த்து இருக்கும், என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்காதாம். அவரும் ஏதோ மரியாதைக் கடிதம் என்று ஃபைலில் போட்டுவிடுவாராம்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. “நீங்க ஒரு வார்த்த கூப்புட்டுக் கேட்டிருக்கலாமேங்க” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“கேட்டிருக்கலாம். அதுதான் உன்னைக் கூப்பிட்டனான்” என்றார்.

பேனாவை நீட்டி, அடியில் எழுது என்றார். அதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. “பிள்ளைக்காம்பரா வேலை எனக்கு வேணுங்க” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எழுதியும் கொடுத்தேன். அவரே துரையிடம் கொண்டுபோனார். அந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டது மச்சான். திங்கட்கிழமையிலிருந்து பதினொரு பிள்ளைகள் என் பொறுப்பில். காம்பராவைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் இன்றைக்கும் கொட்டகலைக்குத்தான் போயிருக்கிறாள்.

கடுதாசியால் கிடைத்ததா, கூப்பிட்டுக் கேட்டதால் கிடைத்ததா என்று கங்காணி இன்னும் வாதம் பண்ணுகிறார். கடுதாசி போகாவிட்டால் யார் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் கேட்கிறேன்.

உங்களிடம்தான் எனக்குக் கோபம். ஊருக்கெல்லாம் கேட்கத் தெரிந்த மனுஷனுக்குத் தனக்கென்றால் மட்டும் ஏன் கை வரவில்லை? கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் தாங்காது என்று நினைத்தீர்களா? நான் வேறு கேலி செய்து உங்களைச் சுருங்க வைத்தேனா?

உங்கள் கடைசிக் கடிதத்தை ஐயாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். வாழ்த்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். அதில் நான் எழுதிவிட்டேன்: கணக்கப்பிள்ளை வேலையை எனக்குத் தரவேண்டும்.

இனி எனக்கோ நம் மகளுக்கோ வேண்டியதை முதல் வரியிலேயே கேட்பேன். உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களைக் கேலி செய்த வாயால் இன்று அழுகிற
உங்கள் மாமன் மகள்
செல்லம்மா