இஞ்சின் சூடாகும்வரை

என் அன்பான ஜெனி அப்பாவுக்கு,

என்னங்க, உங்கள் இரண்டாம் வருட நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் சாமியார் உங்கள் பெயரை வாசித்தபோது உங்கள் தங்கச்சி ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் கிள்ளானுக்கு, வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தோம். மாங்காய் போட்டுத்தான்.

நான் எழுத உட்கார்ந்தது அதைச் சொல்ல அல்ல. அன்று மத்தியானம் நம் மகள் செய்த காரியத்தை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது.

ஜெனி இப்போது நியூசிலாந்தில் இருக்கிறாள். தெற்கே, பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் வேலை. டீசல் இஞ்சின் படிக்கிறேன் என்று அவள் சொன்னபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டிய நீங்கள் மட்டும், "படிக்கட்டும், நம்ம பஸ்ஸுக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றீர்கள். இவ்வளவு தூரம் போவாள் என்று நினைத்திருப்பீர்களா? நீங்கள் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் ஓடிவிட்டாள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே பக்கத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டெல்லா அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். அன்றைக்கே "வந்துவிடு" என்று சொல்லிவிடுவதாக இருந்தோம்.

எங்களோடு செபம் சொல்ல ஜெனி வேலையிடத்திலிருந்தே வீடியோவில் அழைத்தாள். அது ஒரு முதியோர் இல்லம். அங்கே ஜெனரேட்டர் இஞ்சினை எந்நேரமும் வெதுவெதுப்பாக வைத்திருக்க ஒரு ஹீட்டர் உண்டாம். அது பழுதாகி, பார்க்கப் போயிருந்தாள். மாற்றுச் சாமான் வந்து சேரவில்லை. இஞ்சின் பனிக்கட்டி மாதிரி கிடந்தது. பாதிச் செபத்தில் அவள் பக்கம் திடீரென்று இருட்டானது.

"அம்மா, கரண்ட் போச்சு. இருங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். அணைக்க மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் கேட்டதெல்லாம் சத்தம் மட்டும்தான். காற்று. இரும்புக் கதவு. பிறகு ஓர் ஆண்குரல். அங்கே நர்ஸாக இருக்கும் குமார். நம் நாட்டு ஆள், ஸ்ரீ கெம்பாங்கான்காரர் என்று ஜெனி அடிக்கடி சொல்வாள்.

"ஜெனி, மூச்சு மெஷின் எல்லாம் நின்னுருச்சு. சிலிண்டருக்கு மாத்திட்டோம். ஆனா ரொம்ப நேரம் தாங்காது லா. சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணு!"

"பண்றேண்ணே. குளிர்ல பேட்டரி செத்துக் கெடக்கு, என் வேன்லருந்து கேபிள் போடணும். வேன் வெளியவே நிக்கட்டும், புகை உள்ள வரக்கூடாது. கதவையும் தொறந்தே வைங்க."

"பனி உள்ள அடிக்குது!"

"அடிக்கட்டும்ணே."

கேபிளை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா செபமாலையைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் உருட்டவில்லை. பிறகு குமாரின் குரல்: "இந்தா, ஸ்ப்ரே டின் இருக்கு. காத்துக் குழாயில அடிச்சா இஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆயிரும்னு சொல்வாங்களே."

"வேணாம்ணே! கீழ வைங்க!" நம் ஜெனி இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "உள்ள போற காத்தச் சூடாக்குற கம்பி இப்ப பழுத்துக் கெடக்கு. அதுல ஸ்ப்ரே பட்டா இங்கயே வெடிச்சிரும். அப்புறம் அவங்களுக்கும் கரண்ட் இல்ல, நம்மளும் இல்ல. கம்பி இன்னும் கொஞ்சம் சூடாகட்டும். போதும்னா பேனல்ல இந்தச் சின்ன விளக்கு அணையும், அணைஞ்சதும் ஸ்டார்ட் பண்றேன்."

அந்த விளக்கு அணைய எவ்வளவு நேரம் ஆனதோ. பிறகு இஞ்சின் இழுத்தது. உறுமிப் பார்த்தது. நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ அடி ஜெனி!"

"மோட்டார் ஆறட்டும்ணே. விடாம சுத்துனா எரிஞ்சிரும். எரிஞ்சா இன்னிக்கு இது கிளம்பவே கிளம்பாது."

"பக்கத்து ரூம் தாத்தாவுக்கு மூச்சு வாங்குது ஜெனி. இங்க வரைக்கும் கேக்குது பாரு."

அவள் மோட்டார் ஆறும்வரை காத்திருந்தாள். அந்தச் சமயத்தில் நீங்கள் அவள் பக்கத்தில் இருந்தீர்களா? இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபடி இழுத்தாள். இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. "அலாமா, வந்துருச்சு!" என்று குமார் குதித்திருப்பார் போல. "சுவிட்ச போடு, போடு!" என்றார். அப்போதும் அவள் போடவில்லை. "கொஞ்சம் பொறுங்க. ஆயில் மேல ஏறணும்" என்றாள். சத்தம் சீராகும்வரை காத்திருந்துதான் போட்டாள். உள்ளே எங்கேயோ மனிதர்கள் கைதட்டுவது கேட்டது. குமார் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

தனியாக நின்றவள் அழ ஆரம்பித்தாள். நான் பொறுக்க முடியாமல் "ஜெனி" என்றேன்.

"அம்மா? லைன்லயா இருக்கீங்க?"

"எல்லாத்தையும் கேட்டேன்டி."

"பயமா இருந்துச்சும்மா. அந்தத் தாத்தா மூச்சு வாங்குறது அப்பா மாதிரியே இருக்கும். கடைசி நாள் வார்டுல அப்பா வாங்குனாரே, அதே சத்தம். அது கேக்கும்போது கை தானா சாவிக்குப் போவுது. ரொம்ப கஷ்டப்பட்டு நிறுத்திக்கிட்டேன்."

"தாத்தா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரும்மா. குமார் அண்ணே இப்பதான் கதவுகிட்ட வந்து கைய காட்டுனாரு."

உங்களை மறக்கத்தான் அவ்வளவு தூரம் போனாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளோ வாரத்துக்கு ஒருமுறை அந்த இல்லத்துக்குப் போய், வேலை முடிந்த பிறகு அந்தத் தாத்தா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம். எனக்கு ஏன் இது தெரியாமல் போனது? கேட்டால் நான் அழுவேன் என்று சொல்லவில்லையோ?

ஸ்டெல்லா போனை என் கையிலிருந்து வாங்கினாள். தொழிற்சாலை வேலையைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள். நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் ஸ்டெல்லாவே அந்த மேனேஜரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு அங்க வேலை இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டாள்.

என்னங்க, நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். வெயில் காலத்தில் வாங்கம்மா என்கிறாள் ஜெனி. வெயிலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது? பனி பெய்யும்போதே போகிறேன். அந்தத் தாத்தா பக்கத்தில் நானும் உட்கார்ந்து, நம் பிள்ளையை வளர்த்தவர் யார் என்று சொல்லிவிட்டு வருகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
ஜெனி அம்மா